விஸ்காம் படிக்கிற பசங்களே, பக்கம் போடறதுக்கு முன்னாடி மேட்டர படிங்க

பத்திரிகைல லேஅவுட் பண்றது, அதாவது பக்கத்த வடிவமைக்கறது என் வேலை. காலேஜ்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிச்சுட்டு இன்டர்ன்ஷிப்புக்கு வர்ற பசங்கள எங்க டீம்லதான் உக்கார வைப்பாங்க. எல்லார்கிட்டயும் போர்ட்ஃபோலியோ பளிச்னு இருக்கும், கலர் சென்ஸும் நல்லாவே இருக்கும், ஆனா உள்ள இருக்கற டெக்ஸ்ட் முக்கால்வாசி லோரம் இப்சம், அதாவது இடத்த நிரப்பறதுக்குன்னு ஓட்டற அர்த்தமில்லாத எழுத்து. தமிழ்ப் பத்திரிகைல வேலை பாக்கணும்னு ஆசைப்படற பிள்ளைங்க படிப்பு முடியற வரைக்கும் ஒரு பக்கம் நெசமான தமிழ் மேட்டர, அதாவது அச்சுக்குப் போற எழுத்த, கொட்டிப் பாத்ததில்லன்னா அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அத யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல, அவ்ளோதான்.

சமீபத்துல வந்த ஒரு பொண்ணு பக்கம் போடற சாஃப்ட்வேரான இன்டிசைன வேகமா ஓட்டும். மேட்டர பேஸ்ட் பண்ண உடனே கொம்பு எல்லாம் எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துருச்சு, "அண்ணா ஃபான்ட் கரப்ட் ஆயிருச்சு"ன்னு வந்து நிக்குது. ஃபான்ட்ல ஒண்ணுமில்லம்மா, யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழுக்கு பாராகிராஃப் செட்டிங்ல, நம்ம மாதிரி எழுத்துகள ஒழுங்கா சேக்கற வேர்ல்ட் ரெடி கம்போசருக்கு மாத்தி வைக்கணும்னு காட்டினேன், ஒரு கிளிக்தான். இன்னொரு பக்கம் பழைய ஃபைல்கள் இருக்கு. முன்னாடி பக்கம் போட்ட பேஜ்மேக்கர் யூனிகோட் தெரியாத சாஃப்ட்வேர், கடைசி வெர்ஷன் 7 வந்தது 2001-ல, ஆனா அந்தக் காலத்து ஃபான்ட்ல அடிச்ச மேட்டர் இன்னும் நிறைய ஆபீஸ்ல குவிஞ்சு கெடக்கு, கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்தாலும் மேற்கோள் குறி, ஸ்ரீ, ரூபாய் குறி இதெல்லாம் ஒருவாட்டி கண்ணால பாத்தே ஆகணும்.

அடுத்த சிக்கல் காலம் (column), அதாவது பக்கத்த மேலேந்து கீழ வரைக்கும் பிரிக்கற பத்தி. பெரிய சைஸ் பேப்பர்ல பக்கத்த எட்டு காலமா பிரிக்கறது வழக்கம், ஒரு காலம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான் வரும். அதுல "கொள்முதல் நிலையங்களிலிருந்து"ன்னு ஒரு வரி வந்தா ரெண்டாவது வார்த்தைக்கு இடமே இருக்காது, ரெண்டு ஓரமும் நேரா நிக்கற மாதிரி ஜஸ்டிஃபை பண்ணா வரிக்கு வரி நடுவுல ஓட்டை ஓட்டையா தெரியும். அதனாலதான் நம்ம பேப்பர்ல வார்த்தைய கோடு கூட போடாம உடைச்சு அடுத்த வரிக்குக் கொண்டு போறாங்க. உடைக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, புள்ளி வெச்ச எழுத்து வரியோட ஆரம்பத்துல வரவே கூடாது. பத்-திரிகைன்னு உடைக்கலாம், ப-த்திரிகைன்னு உடைச்சா படிக்கறவங்க தடுக்கி நிப்பாங்க. சாஃப்ட்வேர் இத எப்பவும் சரியா செய்யும்னு நம்பிட்டு இருக்காதீங்க. வரிக்கு வரி இருக்கற இடைவெளியும் அப்படித்தான், 10 பாயின்ட் எழுத்துக்கு சாஃப்ட்வேர் தானா (ஆட்டோ) 12 பாயின்ட் வெக்கும், இங்கிலீஷுக்கு அது போதும், ஆனா ணி, கீ, மூ எல்லாம் மேலயும் கீழயும் நீண்டு ஒண்ணோட ஒண்ணு இடிக்கும், 13, 13.5 வெச்சு பிரின்ட் எடுத்துப் பாருங்க, ஸ்க்ரீன்ல பாத்து முடிவு பண்ணாதீங்க.

ஹெட்டிங் இடத்துக்குள்ள அடங்கலன்னா எழுத்த பக்கவாட்டுல 60, 70 பர்சன்ட்டுக்கு நெருக்கறது எல்லா பசங்களும் செய்யற வேலை. எனக்கு இதப் பாத்தாலே மனசு கஷ்டமா இருக்கும். எழுத்தோட நேர்கோடெல்லாம் மெலிஞ்சு படுக்கைக் கோடு மட்டும் தடியா நிக்கும், அழகா வரைஞ்ச ஒருத்தரோட உழைப்ப நசுக்கற மாதிரி. எழுந்து போய், மேட்டர திருத்தி தலைப்பு வெக்கற சப் எடிட்டர்கிட்ட "சார், ரெண்டு எழுத்து குறைச்சு வேற வார்த்தை கிடைக்குமா"ன்னு கேளுங்க. கண்டிப்பா குடுப்பாங்க. அந்தப் பேச்சும் டிசைன் வேலைதான். சி.பா.ஆதித்தனார் 1942-ல மதுரைல தினத்தந்திய ஆரம்பிச்சப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கறவங்களும் படிக்கணும்னு நெனச்சார், சின்ன வாக்கியமும் பெரிய எழுத்துத் தலைப்பும் அந்த எண்ணத்துலேந்து வந்தது, டீக்கடைல ஒருத்தர் சத்தமா படிக்க நாலு பேர் கேக்கற மாதிரி. யார் படிக்கப் போறாங்கன்னு தெரியாம தலைப்பு சைஸ முடிவு பண்ண முடியாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அதே பொண்ணுக்கு திருவாரூர் பக்கத்து நெல் விவசாயிகள் பத்தி நாலு பக்கக் கட்டுரை குடுத்தோம். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து பச்சைப் பசேல்னு வயல் படம், மேல வெள்ளை எழுத்துல தலைப்பு, பாக்கவே அவ்ளோ அழகு. மேட்டர் என்ன சொல்லுதுன்னு கேட்டேன், விவசாயம் பத்தின்னு சொல்லுச்சு. அங்க உக்காந்து முழுசா படிக்க வெச்சோம். அறுத்த நெல்ல நேரடி கொள்முதல் நிலையத்து வாசல்ல குவிச்சுட்டு காத்திருந்தப்ப மழை வந்து நெல்லு முளைச்சுப் போச்சு, அதான் கட்டுரை. படிச்சு முடிச்சுட்டு அதுவே ஃபோல்டருக்குப் போய், மங்கலா இருக்குன்னு ஒதுக்கி வெச்ச ஒரு படத்த எடுத்துச்சு, உள்ளங்கைல முளைவிட்ட நெல்லு. அதப் பெருசா போட்டு தலைப்ப ஓரமா கறுப்புல சின்னதா வெச்சுச்சு. அந்தப் பக்கம் அப்படியே அச்சுக்குப் போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு மேட்டர் படிக்காம மவுஸத் தொட்டு நான் பாக்கல.

அச்சகத்த ஒரு ராத்திரியாவது நேர்ல போய் பாத்துருங்க, இது கட்டாயம். 16 பக்கம் ஒரு ஃபாரமா ஒரே தாள்ல அடிச்சு மடிக்கறத கண்ணால பாத்தாதான் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுற ஓரத்துக்கு வெளிய படம் நீட்டிக்கிட்டு இருக்கறது) ஏன் கேக்கறாங்க, ரெண்டு பக்கம் சேர்ற எடத்துல ஏன் மூஞ்சி வரக் கூடாதுன்னு புரியும். பாடி மேட்டர் கறுப்பு ஒரே மைல மட்டும் இருக்கணும், நாலு கலரும் கலந்த கறுப்புல சின்ன எழுத்து போட்டீங்கன்னா ஒவ்வொரு கலருக்கும் இருக்கற அச்சுத் தகடு, அதான் பிளேட், ஒரு மயிரிழை நகந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். பேப்பர் நியூஸ்பிரின்ட்ன்னா மைய உறிஞ்சும், ஒவ்வொரு மையும் 100 பர்சன்ட் வரைக்கும் போகும், நாலு மையும் சேத்து 240 பர்சன்ட்டுக்குள்ள வெக்கச் சொல்லுவாங்க, ஸ்க்ரீன்ல பாத்த அடர் கலர் அங்க சேறாத்தான் வரும். வாட்ஸப்ல வந்த போட்டோவ அட்டைக்குப் போடாதீங்க, மேகசினுக்கு அச்சு சைஸ்லயே 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) வேணும். அப்புறம் விளம்பரம். பக்கம் உங்க கைக்கு வரும்போதே விளம்பர இடம் மார்க் பண்ணிதான் வரும், மிச்சம் இருக்கற இடம்தான் உங்களுது. காலேஜ்ல ஒரு அசைன்மென்ட்டாவது பாதிப் பக்கம் விளம்பரத்தோட குடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்க.

கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல கேக்க வேண்டியது ரெண்டுதான். தமிழ்ல ஒரு முழு இதழ் அச்சடிச்சுக் கையில வாங்கற வேலை சிலபஸ்ல இருக்கா, பத்திரிகைல வேலை பாக்கறவங்க யாராவது வந்து கிளாஸ் எடுக்கறாங்களா. ரெண்டுமே இல்லாம சாஃப்ட்வேர் லிஸ்ட்ட மட்டும் நீட்டினா பணத்த கட்டாதீங்க, அந்த சாஃப்ட்வேர வீட்லயே கத்துக்கலாம். பக்கம் போடற ஸ்க்ரைபஸ் சாஃப்ட்வேர் இலவசம், புது வெர்ஷன்ல தமிழ் யூனிகோட் ஒழுங்கா வரும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை இந்த ஃபான்ட்டெல்லாம் காசில்லாம கிடைக்குது.

சென்னைல இருக்கறவங்க கன்னிமாரா நூலகத்துக்கும் தரமணில ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போய் பழைய இதழ்கள புரட்டுங்க, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி வந்ததுல லை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச கொம்போட இருக்கும், கையால வரைஞ்ச தலைப்பு ஒவ்வொண்ணும் ஒரு பாடம். வெளியூர்க்காரங்க வீட்ல கெடக்கற ஞாயித்துக்கிழமை பேப்பர எடுங்க, ஸ்கேல் வெச்சு காலம், இடைவெளி, தலைப்பு உயரம் எல்லாத்தையும் அளந்து அதே மேட்டர டைப் பண்ணி அதே பக்கத்த திரும்பக் கட்டுங்க. வாரம் ஒரு பக்கம் போதும், இன்டர்வியூவுக்கு வரும்போது அந்தப் பக்கங்கள பிரின்ட் எடுத்துட்டு வாங்க.