எனக்கு அசித்ரோமைசின்தான் கேட்கும், டாக்டர்!

சளி, தொண்டை வலி, இரண்டு நாள் காய்ச்சல் என்று வருபவர்களிடம் "ஏற்கெனவே ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். "ஒண்ணும் போடலை" என்பார்கள். கொஞ்சம் கிண்டிக் கேட்டால் கைப்பையிலிருந்து ஓர் அட்டை வெளியே வரும். ஐந்தில் இரண்டு காலியாக இருக்கும். "இது டாக்டர் மாத்திரை இல்லீங்க, மெடிக்கல்ல குடுத்தது!"

அந்த அட்டை பத்துக்கு எட்டு முறை அசித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக்காகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். உள்ளே இருப்பது ஒரே மருந்துதான். தெரியாமல் இரண்டு பெயரில் இரண்டு அட்டையை ஒரே நேரத்தில் விழுங்கியவர்களும் உண்டு.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். எழுத வைத்தது சமீபத்தில் வந்த ஓர் அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இதயத் துடிப்பைச் சீராக்க அமியோடரோன், கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை என்று ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர். தொண்டை கரகரப்பு என்றதும் மகன் மருந்துக் கடைக்குப் போய், அசித்ரோமைசின் அட்டை ஒன்றும், "வயிறு புண்ணாகாமல் இருக்க" ஒரு கேஸ் கேப்சூலும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கேப்சூலில் டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்து கலந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் குளியலறை வாசலில் கண் இருட்டி விழுந்துவிட்டார். ஈசிஜி எடுத்தால் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரம்; அது அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்) நீண்டு கிடக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, மானிட்டரில் வைத்துப் பார்த்து, பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். தொண்டைக்கு வந்தது சாதாரண வைரஸ் தொற்று. உப்புத் தண்ணீர் கொப்பளித்திருந்தால் போயிருக்கும்.

மகன் கேட்டது இதுதான்: "அது சளி மாத்திரைதானே டாக்டர்?"

இல்லை. அது சளி மாத்திரை இல்லை. எந்தக் காலத்திலும் சளி மாத்திரையாக இருந்ததில்லை.

1980-ல் ஜாக்ரெப் நகரில் பிளிவா என்ற மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எரித்ரோமைசினை மாற்றியமைத்து உருவாக்கிய ஆன்டிபயாடிக் இது. வேலை பாக்டீரியாவின் மேல்தான், சளியைக் கொண்டுவரும் வைரஸின் மேல் இல்லை. நாங்கள் இதைத் தேடிப் போகும் நோய்களைச் சொல்கிறேன், பாருங்கள். டைபாய்டு. கக்குவான் இருமல். சிலவகை நிமோனியா. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வரும் ஸ்ட்ரெப் தொண்டைத் தொற்று. காலரா. கிளமிடியா போன்ற பாலியல் தொற்று. கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமாவைப் பல நாடுகளில் ஊர் முழுவதற்கும் இந்த மருந்தைக் கொடுத்துத்தான் விரட்டி வருகிறார்கள்.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்களில் வரும் ஸ்க்ரப் டைஃபஸ். மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் தமிழ்நாட்டில் நிறையப் பார்க்கிறோம். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று யாரும் பார்க்காத இடத்தில் சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. (இளம் டாக்டர்களுக்கு: துணியை விலக்கிப் பார்க்காமல் "வைரல் ஃபீவர்" என்று எழுதாதீர்கள்.) இதற்கு டாக்சிசைக்ளின் முதல் மருந்து, கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின்தான். நோய் முற்றி ஐசியூ வரை போனவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று வேலூர் சிஎம்சி உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இப்படி உயிரைக் காப்பாற்றும் மருந்தைத்தான் நாம் மூக்கொழுகலுக்கு விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

"ஆனா டாக்டர், எனக்கு அதுதான் கேட்கும்."

இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லியே என் தொண்டை கட்டிப்போகிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், நீங்களும் பொறுமையாகக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை தொண்டை அரிக்கிறது. சனிக்கிழமை உடம்பு வலி, லேசான காய்ச்சல். ஞாயிறு ஓய்வு நாள், காய்ச்சலும் சேர்ந்து படுத்துகிறது. திங்கள் காலை உச்சத்தில் இருக்கிறது, வேலைக்கு வேறு போகவேண்டும். மருந்துக் கடைக்குப் போகிறீர்கள். அன்றைக்கு ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று. புதன் சாயங்காலம் உடம்பு லேசாகிவிடுகிறது. அடடா, மூன்றே மாத்திரை!

இப்போது மாத்திரையே போடாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் வெள்ளிக்கிழமைதான் தொண்டை அரித்தது. பெரும்பாலான வைரஸ் சளிக்காய்ச்சல் மூன்றாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும். அவருக்கும் புதன், வியாழனில் உடம்பு லேசாகிவிடும். நீங்கள் மருந்துக் கடைக்குப் போவதே நோய் உச்சத்தில் இருக்கும் நாளில். அதற்கு மறுநாள் எதை விழுங்கினாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். சேவல் கூவியா பொழுது விடிகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. கடையில் அசித்ரோமைசினை மட்டும் தருவதில்லை. கூடவே பாராசிட்டமால், மூக்கொழுகலை நிறுத்த லெவோசெட்ரிசின், சில சமயம் ஒரு வலி மாத்திரை. காய்ச்சலை இறக்கியது பாராசிட்டமால், மூக்கொழுகலை நிறுத்தியது லெவோசெட்ரிசின், பெயரை வாங்கிக்கொண்டு போனது ஆன்டிபயாடிக். அதுதானே அந்தப் பொட்டலத்தில் விலை அதிகம்!

"போன முறையும் அதில்தான் சரியாச்சே?" போன முறையும் திங்கட்கிழமைதானே வாங்கினீர்கள்.

கொரோனா காலத்தில் இந்த நம்பிக்கையை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் ரெகவரி என்ற பெரிய ஆய்வில் மருத்துவமனையில் சேர்ந்த 7,700-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு அசித்ரோமைசினும், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2021-ல் முடிவு வந்தது: இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் அதற்குள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் மேல் ஓர் அட்டை வந்து உட்கார்ந்துவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

"சளி மஞ்சளா வருதே?" வரட்டும். பச்சையாகவும் வரும். வைரஸோடு சண்டை போடப் போன வெள்ளையணுக்களின் நிறம் அது. நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் தேவையா என்று முடிவு செய்யமுடியாது.

அளவாகச் சொல்வதென்றால், பெரியவர்களின் தொண்டை வலியில் பத்தில் ஒன்றுதான் ஏறத்தாழ ஸ்ட்ரெப் பாக்டீரியாவால் வருவது. குழந்தைகளில் கொஞ்சம் கூடுதல். அதைக் கண்டுபிடிக்க முதலில் வாயைத் திறந்து தொண்டையைப் பார்க்கவேண்டும். கடை கவுண்டரில் நின்று "தொண்டை வலி, மூணு நாளைக்குக் குடுங்க" என்றால் யார் பார்ப்பது?

சரி, தேவையில்லாமல் சாப்பிட்டால்தான் என்ன நஷ்டம்? முதலில் உங்களுக்கு, அப்புறம் ஊருக்கு.

வயிறுதான் முதலில் காட்டும். குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் தானே நிற்கும். சாப்பிட்டபின் மாத்திரை போட்டால் குமட்டல் குறையும். ஆனால் தண்ணீராகப் பலமுறை போகிறது, ரத்தமோ காய்ச்சலோ சேர்கிறது என்றால் சாதாரணமாக விடாதீர்கள். ஆன்டிபயாடிக்கால் குடலில் கிளம்பும் ஒருவகைத் தொற்று, மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் கழித்துக்கூட வரலாம்.

கண் மஞ்சள், சிறுநீர் அடர் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு என்றால் கல்லீரல். அரிதுதான், ஆனால் வரும். ஏற்கெனவே ஒருமுறை இந்த மருந்தால் மஞ்சள் காமாலை வந்தவர்கள் மறுபடி தொடவே கூடாது. தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனை. இதில் ஒரு சிக்கல்: மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். மூன்று மாத்திரைதான் என்று நினைப்பீர்கள், உடம்புத் திசுக்களில் பல நாள் தங்கும். அதனால் ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்த்து அடங்கியபின் மறுபடி தலைகாட்டலாம். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு அது கூடிவிடும்.

அப்புறம் இதயம். அமெரிக்காவின் டென்னசியில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், அமாக்சிசிலின் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் அசித்ரோமைசினில் 10 லட்சம் கோர்ஸுக்கு 47 இதய மரணங்கள் கூடுதல் என்று கணக்கிட்டார்கள். இதய ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களில் அது 245. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்கை விட்டது. ஆரோக்கியமான இளைஞர்கள் பயப்படத் தேவையில்லை, டென்மார்க் ஆய்வொன்றில் அவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. பிரச்சினை யாருக்கு என்றால், நான் மேலே சொன்ன அம்மா மாதிரி ஆட்களுக்கு: இதய நோய் உள்ள வயதானவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், துடிப்பைச் சீராக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், மனநலத்துக்குச் சில மாத்திரைகள், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், கேஸுக்கு டோம்பெரிடோன் என்று, அசித்ரோமைசினைப் போலவே க்யூடி இடைவெளியை நீட்டக்கூடிய மருந்துகள் பல. தனித்தனியாக ஒன்றும் செய்யாதவை சேரும்போது செய்யும். கடைக்காரருக்கு உங்கள் வீட்டு மாத்திரை டப்பா தெரியாது.

இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுவார்கள். இந்த மருந்து சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். டிஜாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

ஊருக்கு வரும் நஷ்டம் இதைவிடப் பெரியது. இந்தியாவின் தனியார் மருந்து விற்பனையை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வுப்படி, 2019-ல் அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் இதைக் கண்காணித்துப் பயன்படுத்தவேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைபாய்டு கிருமிக்குப் பழைய மருந்துகள் எதுவும் வேலை செய்யவில்லை. வாய்வழி மாத்திரையில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதையும் எதிர்க்கும் டைபாய்டு கிருமிகளை வங்கதேசத்தில் கண்டுபிடித்து 2019-ல் அறிவித்தார்கள். பழகிப்போவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி. அந்தக் கிருமி உங்கள் வீட்டோடு நிற்காது.

இதில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. விடால் என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் கூடினாலே டைபாய்டு என்று எழுதுவது, "ஆன்டிபயாடிக் தராத டாக்டர் என்ன டாக்டர்" என்ற முணுமுணுப்புக்குப் பயந்து எழுதுவது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே பருவகாலக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. சங்கம் சொல்லவேண்டிய நிலைமை!

சரி, செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் வாருங்கள், கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் எதையும் விழுங்காமல் வாருங்கள். பாராசிட்டமால் பரவாயில்லை. இரண்டு அசித்ரோமைசினை உள்ளே தள்ளிவிட்டு வந்தால் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) டைபாய்டு கிருமி வளராமல் போகலாம். அப்புறம் நாங்கள் இருட்டில் துழாவவேண்டியதுதான். டைபாய்டுக்கு வேண்டிய அளவும் நாட்களும் வேறு, மூன்று மாத்திரையில் அது போகாது, பதுங்கும்.

காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாத்தியச் சோர்வு என்றால் டெங்கு அபாயம். அன்றைக்கு ஆன்டிபயாடிக் அட்டையை நம்பி வீட்டில் படுத்திருக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அட்டை மேல் அட்டையாக மாற்றாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கு அங்கே இலவசம்.

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், சொன்ன நாள் வரை போடுங்கள். மிச்சம் வைக்காதீர்கள், மிச்சமிருப்பதை அண்ணிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லையும் இதையும் ஒன்றாகக் குடிக்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். சிரப்பில் 5 எம்எல்லுக்கு 100 மில்லிகிராம் என்றும் 200 மில்லிகிராம் என்றும் இரண்டு வகை உண்டு. "போன தடவை அஞ்சு எம்எல் குடுத்தோம்" என்று பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். அளவு குழந்தையின் எடைக்கு, வயதுக்கு அல்ல. ஆறு வாரத்துக்குக் குறைந்த பச்சிளங்குழந்தைக்கு இந்த மருந்து கொடுத்தபின் பால் பீய்ச்சியடித்த மாதிரி வாந்தி வந்தால் அன்றே தூக்கிக்கொண்டு வாருங்கள். இரைப்பை வாய் இறுகிப்போகும் சிக்கல் இந்த வயதில் வரலாம்.

மாத்திரை அட்டையின் பின்னால் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். சீட்டில்லாமல் தரக்கூடாது என்று அதற்கு அர்த்தம். உங்கள் தெருவில் ஒரு கடைக்காரராவது "சீட்டு கொண்டு வாங்க" என்று சொல்லியிருப்பார். அவரிடம் "அடுத்த கடையில சும்மாவே தர்றாங்க" என்று சண்டை போடாதீர்கள். அடுத்த முறை மற்ற மாத்திரைகளையும் அவரிடமே வாங்குங்கள்.