சம்பளமும் போதாது, ஆளும் போதாது: பத்து நாள் லீவு இதற்கு மருந்தா?

மறுபடியும் அதே அழைப்பு. மின்னணுச் சாதனங்கள் தயாரிக்கும் நிறுவனம், விற்பனை படுத்துவிட்டது, போனவர்களின் இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. ஹெச்.ஆரிலிருந்து பேசுகிறார்கள்: "டாக்டர், எல்லாரும் ரொம்ப டல்லா இருக்காங்க. ஒரு மணி நேரம் மன அழுத்தத்தைப் பத்திப் பேசிட்டுப் போங்களேன். மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தா நல்லா இருக்கும்." சம்பள உயர்வு நின்று எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டேன். "அது வேற விஷயம் டாக்டர்" என்றார்கள்.

வேறு விஷயம் இல்லை. அதே விஷயம்தான். அந்த 'டல்'லுக்குப் பெயர் பர்ன்அவுட்: வேலை அழுத்தத்தில் ஆள் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவது.

தள்ளாடும் தொழிற்சாலையில் வேலை குறைவாகத்தானே இருக்கும், பிறகு எப்படி ஆட்கள் களைத்துப் போகிறார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். உதிரிபாகம் தருபவருக்குப் பாக்கி, அதனால் சிப் வரவில்லை, லைன் நிற்கிறது. மாதத்தின் முதல் பாதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், ஓவர்டைம் கிடையாது, கையில் வரும் பணம் குறைகிறது. திடீரென்று சரக்கு வந்து இறங்கும். மாதக் கடைசிக்குள் கணக்குக் காட்ட வேண்டும் என்று இரவு பகலாக ஓட்டுவார்கள். அவசரத்தில் போன சரக்கு பழுதாகித் திரும்பி வரும். அதைப் பிரித்துச் சரிசெய்யும் ரீவொர்க் மேசையில் முன்பு நாலு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒருவர்.

அப்படி ஒருவர் என்னிடம் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கி, சால்டரிங் அயர்ன் பட்டு விரல் புண்ணாகியிருந்தது. வந்தது புண்ணுக்கு மருந்து போட. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது: "முன்னல்லாம் ஒரு ஜாயின்ட் சரியில்லன்னா போர்டை ஓரமா எடுத்து வெச்சு, பழுதுன்னு எழுதுவேன் டாக்டர். இப்ப எழுதறதில்ல. எழுதி என்ன ஆகப்போகுது?"

களைப்பை எல்லோரும் கவனிக்கிறார்கள், இதைக் கவனிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட ஐ.சி.டி.-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டுக்கு மூன்று கூறுகள் சொல்லப்பட்டிருக்கின்றன: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எதிலும் கசப்பு தட்டுவது, தன் திறமை மீதே நம்பிக்கை போவது. அந்தப் பட்டியலில் இது நோயாக இடம்பெறவில்லை. நெடுநாள் சமாளிக்கப்படாமல் விடப்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் இருக்கிறது. கவனியுங்கள், பணியிட அழுத்தம். ஆனால் என் மேசைக்கு வருகிறவர்கள் கையில் இருப்பது வைட்டமின் சீட்டு. (எழுதிக் கொடுத்தவர்கள் என் சக மருத்துவர்கள்தான். ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டியது சரியே. எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் டானிக் எழுதுவதுதான் சரியில்லை.)

என் பொறுமையைச் சோதிக்கும் பேச்சு ஒன்று உண்டு. "பத்து நாள் லீவு போட்டுத் தூங்கி எழுந்தா சரியாயிடும்." மேலாளரும் சொல்கிறார், வீட்டாரும் சொல்கிறார்கள், பாதிக்கப்பட்டவரே நம்புகிறார். லீவு வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் எடுங்கள். ஆனால் லீவு தீர்ப்பது களைப்பை மட்டும். விடுமுறையில் கிடைத்த தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே கரைந்துவிடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கரையாமல் என்ன செய்யும்? அதே மேசை, அதே ஒற்றை ஆள், போதாததற்குப் பத்து நாளில் குவிந்த போர்டுகள். நாள் கூலிக்காரருக்கு அந்தப் பத்து நாள் சம்பளமும் போயிருக்கும். கடனோடு திரும்பி வந்தவரைப் பார்த்து "ரெஸ்ட் எடுத்தும் இப்படியே இருக்கியே" என்று கேட்பது கொடுமை. அவரும் 'நம்மிடம்தான் ஏதோ கோளாறு' என்று நினைத்துக்கொள்கிறார். லீவு முடிந்து திரும்பியவர்களிடம்தான் குற்ற உணர்ச்சி அதிகம் பார்க்கிறேன்.

சம்பளத்துக்கு வருகிறேன். யோஹானஸ் சீக்ரிஸ்ட் என்ற, ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் 1996-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதன் வேலையில் போடும் உழைப்புக்கும் பதிலுக்குக் கிடைப்பதற்கும் நெடுநாள் பொருத்தம் இல்லாமல் போனால் உடம்பு கெடும் என்பது அதன் சாரம். பதிலுக்குக் கிடைப்பது என்று அவர் கணக்கில் எடுத்தவை மூன்று: பணம், மதிப்பு, வேலை நிச்சயமும் முன்னேற்றமும். நல்ல நிலையில் உள்ள நிறுவனத்தில் ஒன்று குறைந்தால் இன்னொன்று தாங்கும். சம்பளம் சுமார்தான், ஆனால் மேலதிகாரி மதிக்கிறார் என்று காலத்தை ஓட்டலாம். விழுந்துகொண்டிருக்கும் நிறுவனத்தில் மூன்றும் ஒரே சமயத்தில் போகின்றன, உழைப்பு மட்டும் இரட்டிப்பாகிறது. ஆட்குறைப்பில் தப்பியவர்களிடம் "வேலை இருக்கே, சந்தோஷப்படு" என்கிறார்கள். பக்கத்து நாற்காலி காலியான அன்றிலிருந்து அந்த மனிதர் சரியாகத் தூங்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

சம்பளம் குறைவு என்பதைவிட எந்தத் தேதியில் வரும் என்று தெரியாமலிருப்பது இன்னும் மோசம். வாடகைக்கும் கடன் தவணைக்கும் தேதி உண்டு. அந்த இடைவெளியை நிரப்ப இரவில் இன்னொரு வேலைக்குப் போகிறார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்குச் சமமாக இறங்கிவிடுகிறது. அந்த நிலையில்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தநாள நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். இரண்டு வேலை பார்ப்பவர்கள் இரண்டின் நேரத்தையும் கூட்டிக் கொள்ளுங்கள்.

உழைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எத்தனை மணிக்கு வந்தீர்கள், போனீர்கள் என்பதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சம்பளச் சீட்டு, ஓவர்டைம் சீட்டு எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள், ஆபீஸ் மெயிலில் மட்டும் இருந்தால் ஒருநாள் கதவு மூடும்போது அதுவும் மூடிக்கொள்ளும். இரட்டை ஷிப்ட் முடித்து வண்டி ஓட்டாதீர்கள், ஓட்டவே ஓட்டாதீர்கள். சோதிக்காத போர்டுக்கு 'பாஸ்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால் நிற்கப்போவது நீங்கள்தான். நைட் ஷிப்ட் முடிந்த காலையில், கோபத்தில் ராஜினாமா எழுத வேண்டாம். தூங்கி எழுந்து, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வெளியில் விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள். வெளியேறுவதும் ஒரு சிகிச்சைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் வரும்போது மூன்று மாத ஷிப்ட் அட்டவணையைக் கொண்டு வந்தால் பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

நிர்வாகத்தினரே, பணம் இல்லை என்பது புரிகிறது. இல்லை என்றால் இல்லை என்று நேரில் சொல்லுங்கள், வதந்தியில் தெரிந்துகொள்ள விடாதீர்கள். குறைவாகக் கொடுத்தாலும் சொன்ன தேதியில் கொடுங்கள். ஆள் பாதியானால் வேலையும் குறைய வேண்டும்: எந்த மாடலை நிறுத்துவது, எந்த ஆர்டரை மறுப்பது என்று நீங்கள் முடிவெடுக்காவிட்டால் அந்த முடிவை மைக்ரோஸ்கோப் முன்னால் தூங்கிவிழுகிறவர் எடுப்பார். மூச்சுப் பயிற்சிக்கு நான் வருகிறேன், இவற்றைச் செய்த பிறகு கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் தாமதம் கூடாது. வேலையை நினைத்தால் மட்டும் கசக்கிறது என்றால் அது பர்ன்அவுட்டாக இருக்கலாம். பிள்ளையின் சிரிப்பு, நண்பரின் போன் எதுவும் ஒட்டவில்லை, விடுமுறை நாளிலும் விடியற்காலையில் விழிப்பு வந்து மனம் இருண்டு கிடக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே குணமாகும். செத்துவிடலாம் என்று ஒரு முறை தோன்றினாலும் அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். ஷிப்ட் பாதியில் இருந்தாலும் சரி. லீவு லெட்டரை மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.