ஏசி இல்லாத வீட்டில் முதியவர்களை வெப்பத்திலிருந்து காப்பது

கோடையில் வெப்பம் தாக்கி மருத்துவமனைக்கு வருபவர்கள் என்றால் வெயிலில் நின்று வேலை செய்பவர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். அவர்களும் வருகிறார்கள். ஆனால் ஒரு மருத்துவராக என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள், வெயிலில் காலே வைக்காத முதியவர்கள். அழைத்து வரும் பிள்ளைகள் குழம்பிப் போய்க் கேட்பார்கள்: "அம்மா வீட்டை விட்டு வெளியவே போகலையே டாக்டர்?"

வீட்டுக்குள்தான் ஆபத்து அதிகம். 2021 ஜூன் மாத இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வீசிய வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே வீட்டுக்குள் இருந்தவர்கள், அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். 2003இல் ஐரோப்பாவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கோடையிலும் முதியவர்களே பெரும்பான்மை.

செங்கல், கான்கிரீட் சுவர்கள் பகல் முழுக்க வெப்பத்தை உள்ளே இழுத்து, பொழுது சாய்ந்தபின் அறைக்குள் விடுகின்றன. அதனால் வெளியே காற்று குளிர்ந்துவிட்ட பிறகும் படுக்கையறை கொதிக்கும். பகலில் பட்ட வெப்பத்தை உடல் இறக்கி வைப்பது இரவில்தான். அது முடியாமல் போனால், மறுநாளை உடல் பழைய கடனோடு தொடங்குகிறது. வெப்ப அலையின் முதல் நாளைத் தாங்கிக்கொண்டவர் மூன்றாம் நாள் சாய்ந்துவிடுவது இப்படித்தான்.

இனி, நான் எல்லோருக்கும் வலியுறுத்திச் சொல்வது: ஏசி இல்லாவிட்டால் அறையின் வெப்பத்தோடு போராடிக் களைக்க வேண்டாம், தோலை ஈரமாக வைத்திருங்கள்.

உடல் தன்னைக் குளிர வைத்துக்கொள்ள நம்பியிருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டி விழுகிற வியர்வையால் உடலுக்கு நீர் இழப்புதான் மிச்சம், குளிர்ச்சி கிடைப்பதில்லை. வயதாக ஆக வியர்ப்பது குறைகிறது, தாகம் எடுப்பதும் மந்தமாகிறது. அதனால்தான் ஒரு பாட்டி "எனக்கு ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை.

உடலால் சுரக்க முடியாத ஈரத்தை நாம் வெளியிலிருந்து கொடுக்கலாம். குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்து, கைகள், முதுகு, கால்கள் எல்லாவற்றையும் துடைத்து, அந்த ஈரத்தைத் துவட்டாமல் விடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். மெல்லிய பருத்திச் சட்டையை நனைத்து உடுத்திக்கொள்வதும் நல்லது. முழங்கை வரை கைகளையும் கணுக்கால் வரை பாதங்களையும் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்திருங்கள். அங்கெல்லாம் தோலுக்கு அடியில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் உடல் வெப்பம் வேகமாக இறங்கும். பனிக்கட்டி தேவையில்லை. இதனால் உடலின் நீர் செலவாவதில்லை, இதயத்தின் சுமையும் குறைகிறது. தூங்கப் போகும் முன் ஒருமுறை குளித்து, லேசான ஈரத்தோடு படுத்தால் இரவு தாங்கும்.

ஃபேன் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஃபேன் காற்றை நகர்த்தும், அறையைக் குளிர வைக்காது. ஆளில்லாத அறையில் அது ஓடுவதால் பயனில்லை. நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் ஃபேன் அந்தச் சூட்டை உடலின் மேல் வீசுகிறது. வியர்வை நன்றாக ஆவியாகும் வரை அதையும் மீறிப் பயன் உண்டு. 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடலைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. குறைவாக வியர்க்கும் முதியவர்களுக்கு இந்த எல்லை இன்னும் இரண்டு மூன்று டிகிரி முன்பே வந்துவிடும். அந்த நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தோலை நனைத்துக்கொண்டிருப்பதே பாதுகாப்பு. இதற்காகவே, முதியவர் படுக்கும் அறையில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். மூடிய அறையில் ஈரப்பதம் ஏறி வியர்வை ஆவியாகாமல் போகும்.

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபிறகு திரைச்சீலை போடுவதால் கிடைக்கும் பலன் குறைவு. ஜன்னலுக்கு வெளிப்புறம் தட்டி, பாய், வெளிர்நிறத் துணி எதையாவது கட்டி நிழல் கொடுங்கள், மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வெளிக்காற்று உள்ளிருப்பதைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலை மூடி, குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் கீழே உள்ள அறையில் வித்தியாசம் தெரியும்.

குடிக்கும் தண்ணீர் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். மணிக்கணக்கில் வியர்த்தவர்கள் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும், அவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் நல்லது. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இரண்டையும் தாங்களாகவே கூட்டக்கூடாது, தங்கள் மருத்துவர் சொன்ன அளவை வெயில் தொடங்கும் முன்பே பேசிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அப்படிப் பேசப் போகும்போது மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், மனநல மருந்துகளில் பல, அவற்றில் மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் ஆகியவை வெப்பத்தில் தொல்லை தரக்கூடியவை. சில வியர்வையைக் குறைக்கும், சில உடலின் நீரைக் குறைக்கும். லித்தியம் உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் தேங்கி நஞ்சாகலாம். பயந்துபோய் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள், அது வெப்பத்தைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம்.

தலைசுற்றல், களைப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நடை தடுமாறுகிறது, வலிப்பு வருகிறது, மயங்குகிறார் என்றால் அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை வருகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், வெப்பவாதத்திலும் வியர்க்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். ஆடைகளைத் தளர்த்தித் தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். முதல் அரைமணி நேரத்தில் வெப்பத்தை இறக்குவதுதான் மூளையைக் காப்பாற்றும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் மூளையே வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அதைத்தான் மாற்றும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கல்லீரலுக்குக் கூடுதல் சுமையே மிஞ்சும்.

தனியாக வாழும் முதியவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், வெப்ப அலை நாட்களில் காலையில் ஒருமுறை போனில் பேசினால் போதாது. வீடு அதிகம் சூடாகியிருக்கும் மாலையில் நேரில் போங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்காமல் கையைத் தொட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள், பதில் வழக்கம்போல் தெளிவாக வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரு துணியை நனைத்து அவர் கழுத்தையும் கைகளையும் துடைத்துவிட்டு, வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள்.