முதல் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? ஒரு ஸ்கேலை எடுத்துச் செல்லுங்கள்

முப்பது, நாற்பது வயதைத் தாண்டி கிட்டார் கற்க வருபவர்கள் சில மாதங்களிலேயே அதை உறைக்குள் போட்டு மூடும்போது சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். விரல் வலிக்கிறது, எஃப் கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கும் விரல் பிடி) வரவே மாட்டேன் என்கிறது, வயதாகிவிட்டது. அந்தக் கிட்டாரை மேசையில் வைத்து அளந்து பார்த்தால் பல நேரம் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. கம்பிகள் தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான். சிறுவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்துவிடுவார்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு அரை மணி நேரம் உட்காருகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது, இருக்கவும் தேவையில்லை.

பிராண்டு, மரம், நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆக்‌ஷன். 12-ஆவது ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. எஃகுக் கம்பி போட்ட அக்கூஸ்டிக்கில் தடித்த ஆறாவது கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பிக்கு 2 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. எலெக்ட்ரிக்கில் 2, 1.5. நைலான் கம்பியுள்ள கிளாசிக்கலில் 4, 3 வரை இருப்பது வழக்கம். கம்பி மென்மையானது என்பதால் அது கைக்கு உறுத்தாது. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த அக்கூஸ்டிக்கிலேயே 3.5 மி.மீ. இருப்பது அபூர்வமல்ல, "புதுசுதானே, சரியாகத்தான் இருக்கும்" என்று நம்ப வேண்டாம்.

ஆக்‌ஷனைப் பலர் அளக்கிறார்கள். நட்டைத்தான், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையைத்தான், யாரும் பார்ப்பதில்லை. கற்றுக்கொள்பவர் முதல் வருடம் முழுக்க வாசிப்பது முதல் மூன்று ஃப்ரெட்டுகளில். அங்கே கம்பியின் உயரத்தைத் தீர்மானிப்பது நட்டில் உள்ள வெட்டுகளின் ஆழம். சோதிப்பது எளிது. இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். தூரத்திலிருந்தே இடைவெளி தெரிந்தால் வெட்டு ஆழமாகவில்லை. இன்னொரு வழி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு அதே கார்டுகளை வாசிப்பது. சட்டென்று கை லேசானால் குற்றம் நட்டின் மேல்தான். நட் உயரமாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அவ்வளவு தூரம் கீழே அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். ட்யூனரில் எல்லாக் கம்பியும் சரியாகக் காட்டும், கார்டு பிடித்தால் கரகரக்கும். தன் காதுதான் சரியில்லை என்று முடிவுகட்டியவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. கம்பியின் தடிமனுக்கேற்ற அரங்களால் நட்டின் வெட்டை ஆழப்படுத்துவார்கள். கை தவறி அதிகம் போனால் விரல் வைக்காத கம்பி ஃப்ரெட்டில் பட்டு அதிரும், பிறகு புது நட்டுதான். அதனால் இதை வீட்டில் முயல வேண்டாம். சாடிலைக் குறைப்பது சுலபம். உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பகுதி பிரிட்ஜ், அதன்மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை சாடில். 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய, சாடிலின் அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். இரண்டையும் தொடுமுன் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஒரு விரல், நடுவில் 7-ஆவது ஃப்ரெட்டருகே 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். அதைத் திருத்துவதற்குத்தான் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு. ஆக்‌ஷனைக் குறைக்க அதை முறுக்குவது தவறு. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது, இறுகி நின்றால் விட்டுவிட வேண்டும். சாடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டித் தாழ்ந்திருந்தும் ஆக்‌ஷன் உயரமாக இருந்தால், கழுத்தின் கோணமே மாறிவிட்டது என்று அர்த்தம். கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் செலவு சாதாரணக் கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

"முதலில் அக்கூஸ்டிக்கில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள், அப்புறம் எலெக்ட்ரிக்" என்ற அறிவுரையில் எங்களுக்கு உடன்பாடில்லை. 12-53 (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) எஃகுக் கம்பிகளின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். எலெக்ட்ரிக்கில் 10-46 செட்டுக்கு அது 45 கிலோ அளவில்தான். நைலானில் இன்னும் கொஞ்சம் குறைவு. எந்த இசையைக் கேட்டு ஆசை வந்ததோ அதற்கான கிட்டாரையே வாங்குவது நல்லது. அக்கூஸ்டிக்தான் வேண்டும் என்றால் 10-47 அல்லது 11-52 கம்பி போடச் சொல்லுங்கள். மெல்லிய கம்பிக்கு மாறினால் இழுவிசை குறைந்து கழுத்து சற்று நிமிரும், அதிர்வுச் சத்தம் வரலாம். அப்போது ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பியை எந்தக் காரணத்துக்கும் மாட்டக் கூடாது. மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும்.

அடுத்தது உடலின் அளவு. ட்ரெட்நாட் என்ற பெரிய உடல் கொண்ட அக்கூஸ்டிக் வகையின் அகலம் ஏறத்தாழ 40 செ.மீ., ஆழம் 12 செ.மீ. குட்டையானவர் அதன்மேல் கையைப் போட்டால் வலது தோள் தூக்கியே நிற்கும். ஏற்கெனவே கணினி முன் உட்கார்ந்து கழுத்து வலி வாங்கியவருக்கு இது போதாதா? கான்சர்ட், ஓஎம் வகைகள் அகலத்திலும் ஆழத்திலும் சிறியவை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் பதினைந்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நின்றுகொண்டு இரண்டு கார்டு அடித்துப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. நட்டின் அகலம் எலெக்ட்ரிக்கில் 42-43 மி.மீ., அக்கூஸ்டிக்கில் 43-44.5, கிளாசிக்கலில் 52. விரல் தடித்தவர்களுக்கு அந்த ஒன்றரை மி.மீ. நன்றாகவே தெரியும். விரல் எட்டவில்லை என்பவர்கள் நட்டுக்கும் சாடிலுக்கும் இடையிலான கம்பி நீளத்தைக் கேட்டு வாங்கலாம். 648 மி.மீ.க்குப் பதில் 628 மி.மீ. எடுத்தால் ஃப்ரெட்டுகள் நெருங்கும், இழுவிசையும் குறையும்.

விரல் நுனியில் தோல் வலிப்பது சில வாரங்களில் தணியும். மணிக்கட்டில் மரத்துப்போவது, கட்டைவிரல் அடியில் வலி, காலையில் விரல் மடங்கி மாட்டிக்கொள்வது ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் மாட்டிக்கொள்ளும் தொல்லை அதிகம் வருவதுண்டு. வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

துணைப் பொருட்களில் முதல் நாளே தேவைப்படுபவை கொஞ்சம்தான். கிளிப் ட்யூனர், கேப்போ, ஒரு செட் உபரிக் கம்பி, ஸ்ட்ராப், 0.6, 0.73, 0.88 மி.மீ. தடிமனில் மூன்று பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு). ட்யூனரில் அடிப்படைச் சுருதி 440 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தெரியாமல் பொத்தான் அழுந்தி 437 ஆகிவிட்டால் யாரோடு சேர்ந்து வாசித்தாலும் ஒட்டாது. எலெக்ட்ரிக் என்றால் ஹெட்ஃபோன் துளையுள்ள 10 வாட் ஆம்ப் வீட்டுக்கு தாராளம். வீட்டு ஆடியோ செட்டில் நேராகச் செருகினால் ஒலி மங்கித்தான் கேட்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவு உள்ளீட்டு மின்மறுப்பு வேண்டும், அங்கே கிடைப்பது அதில் சிறு பங்கே. ஸ்பீக்கர் ஒயரை கிட்டார் ஒயராகப் பயன்படுத்தினால் உறுமல் வரும், ஏனென்றால் அதில் கவச உறை கிடையாது. ஒலியை மாற்றும் பெடல்கள் காத்திருக்கட்டும். பூட்டும் வகை ட்ரெமோலோ (சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) உள்ள கிட்டாரை முதல் கிட்டாராக எடுக்க வேண்டாம்: ஒரு கம்பியைத் தொட்டால் மற்ற ஐந்தும் சுருதி மாறும்.

முழு மரப் பலகையா, ஒட்டுப்பலகையா என்ற விவாதத்தை இரண்டாவது கிட்டாருக்கு வைத்துக்கொள்ளலாம். முழு மரத்துக்கு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் இருக்க வேண்டும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அது காய்ந்து வெடிக்கக்கூடும்.

பழைய கிட்டார் வாங்கினால் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. நட்டுக்குப் பின்னால் தலைப்பகுதி சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்டுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்தி வாசித்த ஸ்வரமும் ட்யூனரில் ஒத்துப்போக வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி வைத்துக் காட்டினால், முழுச் சுருதிக்கு ஏற்றச் சொல்லி பதினைந்து நிமிடம் கழித்து ஆக்‌ஷனை அளந்துகொள்ளுங்கள். தளர்ந்த கம்பியில் எந்தக் கிட்டாரும் ஆக்‌ஷன் குறைவாகவே காட்டும்.