யூஷரி: வட்டியா, கடுவட்டியா?

யூஷரி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைய அகராதிகள் ‘அநியாய வட்டி’ என்று பொருள் தரும். எட்டு நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு பாதிரியாரிடம் கேட்டிருந்தால், வட்டி என்றாலே அநியாயம்தானே, அடைமொழி எதற்கு என்றிருப்பார்.

மூலம், லத்தீன் ‘உசூரா’. பயன்படுத்துதல் என்று பொருள். அதிலிருந்து பணத்தைப் பயன்படுத்தியதற்கான கூலி. எபிரேய வேதாகமத்தின் சொல் இவ்வளவு சாது அல்ல. ‘நெஷெக்’ என்பது கடித்தலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கூடாது என்கிறது யாத்திராகமம் 22:25. உபாகமம் 23 அந்நியனிடம் மட்டும் வாங்கலாம் என்று விட்டுவைத்தது (அந்த ஒரு வரியால் எழுந்த வாதங்கள் தனிக் கதை).

திருச்சபை இதைக் கறாராகவே பிடித்துக்கொண்டது. பகிரங்கமாக வட்டிக்கு விடுபவருக்கு நற்கருணையும் கிடையாது, கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது 1179-ல் ரோமில் கூடிய ஆயர்களின் பேரவையான மூன்றாம் லாத்தரன் சங்கம். ஆனால் வணிகம் பெருகப் பெருக, கப்பல் அனுப்பும் வியாபாரியும் கடன் கேட்டு வந்தார். அப்போது கைகொடுத்த சொல்தான் ‘இன்டரெஸ்ட்’. கடன் திரும்பத் தாமதமானதால் கொடுத்தவருக்கு நேர்ந்த நட்டத்துக்கு ஈடு என்பதே அதன் பழைய பொருள். ஆக, ஈட்டுக்கு ஒரு பெயர், பாவத்துக்கு இன்னொரு பெயர். பிறகு, பதினாறாம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின், ஏழையிடம் வாங்காதே, தொழில் செய்பவரிடம் அளவாக வாங்கலாம் என்று வாதிட்டார். இங்கிலாந்து 1545-ல் 10 சதவீதம் வரை அனுமதித்தது, 1552-ல் மறுபடி தடுத்தது, 1571-ல் மறுபடி தளர்த்தியது. இந்தத் தடுமாற்றத்தினூடே வட்டி மெல்ல மெல்ல ‘இன்டரெஸ்ட்’ ஆனது. வரம்பு மீறியது மட்டும் யூஷரியாக மிஞ்சியது.

இதை வெறும் ஒழுக்கச் சரிவு என்று சொல்ல ஒரு கிறிஸ்தவனாக எனக்கு மனம் வரவில்லை. பஞ்சத்தில் வாங்கும் கடனும் பட்டறை வைக்க வாங்கும் கடனும் ஒன்றா என்ன? ஆனால் நாம் இப்போது ‘எத்தனை சதவீதம்’ என்று மட்டும் பார்க்கிறோம். யாத்திராகமமோ ‘யாரிடம்’ என்று பார்த்தது. மருத்துவச் செலவுக்குச் செல்போன் செயலியில் கடன் வாங்குபவர் அந்த வசனத்தின் ஏழைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பேச்சில் ‘வட்டி’ பழிச்சொல் அல்ல. பழி முன்னால் ஒட்டும் சொல்லில் இருக்கிறது: கந்துவட்டி, மீட்டர் வட்டி. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. யூஷரிக்குக் ‘கந்துவட்டி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஒருவகைக் கடனின் பெயர். பொதுச்சொல்லாகக் ‘கடுவட்டி’ பொருந்தும். இடைக்காலத் திருச்சபை ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது மட்டும் வெறும் ‘வட்டி’ என்றே போட வேண்டும். அங்கே கடுவட்டி என்று எழுதினால், மிதமான வட்டியை லாத்தரன் சங்கம் ஒப்புக்கொண்டதாக வாசகர் நினைத்துக்கொள்வார்.