யூபிக்விட்டின்: பெயரும் வேலையும்

'மறுசேர்க்கை மனித யூபிக்விட்டின்' என்று சீட்டு ஒட்டிய குப்பியை ஆய்வகத்தில் பார்த்தால், யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம். மனித மரபணு வரிசையை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் சேர்த்து, அதைக் கொண்டே செய்வித்த புரதம் அது. மரபணுவை வெட்டி வேறொன்றோடு ஒட்டுவதால் 'மறுசேர்க்கை'. 'மறுகூட்டிணைவு' என்றும் எழுதுகிறார்கள். நாக்குக்கு முன்னதே இலகு.

லத்தீனில் 'உபீக்வே' என்றால் எங்கும். 1975இல் கிடியன் கோல்ட்ஸ்டீன் குழுவினர் மாட்டின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த சிறு புரதம், தேடிய உயிர்களில் எல்லாம் தென்பட்டது. பெயர் அப்படி வந்தது. பாக்டீரியாவிலும் உண்டு என்றே அப்போது எழுதினார்கள். அது நிற்கவில்லை, ஈ.கோலையில் இந்தப் புரதம் கிடையாது. ஆக, பெயர் கொஞ்சம் மிகைதான். ஆய்வகத்துக்கோ அதுவே வசதி: பாக்டீரியாவின் சொந்த யூபிக்விட்டின் கலந்துவிடும் என்ற கவலை இல்லை. தூய்மைப்படுத்துவதும் எளிது. உடைத்த பாக்டீரியாச் சாற்றில் பெர்குளோரிக் அமிலம் விட்டால் மற்ற புரதங்கள் பெரும்பாலும் திரிந்து வெள்ளையாய்ப் படியும். யூபிக்விட்டின் அசையாமல் கரைசலிலேயே நிற்கும்.

வெறும் 76 அமினோ அமிலங்கள். ஈஸ்ட்டுக்கும் மனிதருக்கும் வேறுபாடு மூன்றே இடங்களில். வேலை என்ன? சாலை விரிவாக்கத்தில் வெட்டவேண்டிய மரத்தில் பெயின்டால் எண் எழுதுவார்களே, அதுதான். எழுதுகிறவர் வெட்டுவதில்லை. ஈ1, ஈ2, ஈ3 என்ற மூன்று நொதிகள் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் ஆற்றலைச் செலவழித்து யூபிக்விட்டினைப் பழுதான அல்லது வேலை முடிந்த புரதத்தில் ஒட்டுகின்றன. யூபிக்விட்டின்மேல் யூபிக்விட்டினாகச் சங்கிலி நீண்டதும், செல்லுக்குள் புரதங்களை வெட்டும் எந்திரமான புரோட்டியசோம் அந்தப் புரதத்தைத் துண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்த ஆரோன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல். சோதனைக்குழாயில் இதே நொதிகளோடு குப்பியிலுள்ள யூபிக்விட்டினைக் கலந்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படிபோல் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு படியும் கூடுதலாக ஒட்டிய ஒரு யூபிக்விட்டின்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'எங்குமுள் புரதம்' மூலத்துக்கு நேர். ஆனால் அந்த மூலமே இருப்பிடத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. 'அழிவுக்குறிப் புரதம்' பாதிதான் சரி. யூபிக்விட்டினின் 48ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் வழியாகக் கோத்த சங்கிலி அழிவுக்கு அனுப்பும். 63ஆம் லைசின் வழிச் சங்கிலிக்கு டி.என்.ஏ. பழுதுபார்ப்பு போன்ற வேறு வேலைகள். என் தேர்வு 'முத்திரைப் புரதம்'. என்ன முத்திரை என்பதைச் சங்கிலி சொல்லட்டும். முதல் முறை மட்டும் பக்கத்தில் யூபிக்விட்டின் என்று எழுதிவிட்டால் குழப்பம் வராது. ஒட்டும் வினைக்கு 'முத்திரையேற்றம்', சில நொதிகள் அதைக் கழற்றுவதற்கு 'முத்திரைநீக்கம்' என்று சொற்களும் தடையின்றிக் கிளைக்கும்.