ரிசால்வ்: பெயரைக் கொடுத்து முகவரி கேட்பது

சி மொழியில் நெட்வொர்க் நிரல் எழுதுகிறவர்கள் "ஹோஸ்ட்நேம் ரிசால்வ் ஆகலை" என்று அடிக்கடி அலுத்துக்கொள்வார்கள். ஒரு கணினியின் பெயரைக் (ஹோஸ்ட்நேம்) கொடுத்து, வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி கேட்டோம், கிடைக்கவில்லை. அவ்வளவுதான் பொருள்.

சொல்லின் வேர் லத்தீனில் 'ரெசொல்வெரே': கட்டை அவிழ்ப்பது, தளர்த்துவது. ஆங்கிலத்தில் அது பல கிளைகள் விட்டது. அதன் பெயர்ச்சொல்லான 'ரெசல்யூஷன்' சட்டமன்றத்தில் தீர்மானம், நுண்ணோக்கியில் பிரிதிறன், தகராறில் தீர்வு. இந்தக் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டு 'நேம் ரெசல்யூஷன்' என்பதைப் 'பெயர்த் தீர்வு' என்று எழுதினால், பெயரில் ஏதோ வழக்கு இருப்பதுபோல் ஆகிவிடும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்ற ஒரே கோப்பில் இருந்தன. அதைப் பார்த்தால் போதும். 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ், பெயர்–முகவரி விவரத்தைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் டிஎன்எஸ் அமைப்பை முன்வைத்தபோது, பயனருக்காகப் பெயர் சர்வர்களிடம் கேட்டுச் சொல்லும் நிரலை 'ரிசால்வர்' என்றார். யூனிக்ஸில் அதற்கான அமைப்புக் கோப்பு ரிசால்வ்.கான்ஃப். ஆங்கில எழுத்தில் 'ரிசால்வ்' என்பதன் கடைசி 'இ' அதில் கிடையாது. பழக்கத்தில் அதையும் சேர்த்துத் தட்டினால், கோப்பு உருவாகும், பயன் இருக்காது.

சி நிரலில் இந்த வேலையை முதலில் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற செயற்கூறு செய்துவந்தது. விடையைத் தன் சொந்த நிலையான நினைவகத்தில் வைத்துத் தரும் என்பதால் அடுத்த அழைப்பு முந்தைய விடையை அழித்துவிடலாம். ஒரே நேரத்தில் பல இழைகள் (த்ரெட்) ஓடும் நிரலில் இது ஆபத்து. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் 2008 பதிப்பில் அதை நீக்கிவிட்டது. இன்று எழுத வேண்டியது கெட்அட்ர்இன்ஃபோ. ஐபி முகவரியின் இரு வகைகளான ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒரே அழைப்பில் கேட்கலாம். விடை ஒற்றை முகவரி அல்ல, முகவரிகளைச் சங்கிலியாகக் கோத்த பட்டியல் (லிங்க்டு லிஸ்ட்). ஒன்றில் இணைப்பு கிடைக்காவிட்டால் அடுத்ததை முயல வேண்டும். வேலை முடிந்ததும் பட்டியல் பிடித்த நினைவகத்தை ஃப்ரீஅட்ர்இன்ஃபோவால் விடுவிக்க வேண்டும். பிழை வந்தால், வழக்கமாகப் பிழைச் செய்தி காட்டும் பெர்ரர் உதவாது; திரும்பி வந்த எண்ணை கை_ஸ்ட்ரெர்ரரிடம் கொடுத்தால்தான் காரணம் தெரியும்.

லினக்ஸில் சாக்கெட் (நிரல் தரவை அனுப்பிப் பெறும் முனை) வகையைக் குறிப்பிடாமல், கணினி தன்னையே குறிக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரைக் கெட்அட்ர்இன்ஃபோவிடம் கேட்டுப் பாருங்கள். 127.0.0.1 மூன்று முறை வரும். பிழை என்று பலர் பதறுவார்கள். ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று வகைக்கு ஒன்றாக அது தருகிறது. சாக்கெட் வகையில் ஸ்ட்ரீம் என்று குறித்துவிட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'முகவரி காணல்' என்பதே என் தேர்வு. எதிர்த்திசையில், முகவரியிலிருந்து பெயர் கேட்கும் கெட்நேம்இன்ஃபோவுக்குப் 'பெயர் காணல்'. இரண்டும் அந்தந்தச் செயற்கூறின் பெயரோடு நேராகப் பொருந்துகின்றன. 'ரிசால்வ் ஆகலை' என்பதை 'முகவரி காண முடியவில்லை' என்று எழுதலாம். ரிசால்வரை 'முகவரி காணி' என்று சொன்னால் நிலம் அளப்பதுபோல் தொனிக்கிறது. அதை 'முகவரி அறிவி' என்றோ, பேச்சில் ரிசால்வர் என்றோ விடலாம்.